அறுவடை இயந்திரத்துக்கு எத்தனை தகப்பன்மார்?

கேள்வி இது: “அறுவடை இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் சைரஸ் மெக்கார்மிக் என்று பள்ளியில் படித்தோம். என் மகளின் வினாடி வினாக் கையேட்டில் பேட்ரிக் பெல் என்று போட்டிருக்கிறது. எது சரி? கதிரடிக்கும் இயந்திரத்தையும் அதே ஆள்தான் செய்தாரா?”

இரண்டு விடையும் பாதிதான் சரி. கதிரடிக்கும் இயந்திரத்தைச் செய்தவர் இவர்கள் இருவருமே இல்லை. அது மெக்கார்மிக் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பே வந்துவிட்டது.

குழப்பத்துக்குக் காரணம், ‘அறுவடை’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் நாலு வேலையைப் போட்டு வைத்திருப்பது. தாளை அறுக்க வேண்டும். அரியை அள்ளிக் கட்டாகக் கட்டிக் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அடித்து மணியை உதிர்க்க வேண்டும். தூற்றிப் பதரைப் போக்க வேண்டும். இன்று வயலில் இறங்கும் வண்டி நாலையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகிறது. ஆனால் இந்த வேலைகள் இயந்திரத்தின் கைக்குப் போன வரிசை கிட்டத்தட்ட தலைகீழ். கடைசி வேலையான தூற்றல் முதலில் போனது. பிறகு அடிப்பு, பிறகு அறுப்பு, கட்டு கட்டுவது அதற்கும் பிறகு. யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. தூற்றலும் அடிப்பும் இருந்த இடத்தில் நடக்கும் வேலைகள்; பக்கத்தில் நீர்ச்சக்கரமோ செக்குமாடு போலச் சுற்றிவரும் குதிரையோ இருந்தால் போதும். அறுப்பு அப்படியில்லை. இயந்திரம் மேடுபள்ளத்தில் நடந்துகொண்டே வேலை செய்ய வேண்டும், உருளும் சக்கரத்திலிருந்தே கத்திக்கும் அசைவு கிடைக்க வேண்டும்.

தூற்றலைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே விசிறி சுழன்று காற்றடிக்கும் பெட்டி, சீனாவில் ஹான் வம்சத்துக் காலத்திலேயே இருந்தது. அந்தக் காலத்துக் கல்லறைகளில் அதன் சுடுமண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் அது பரவத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான். 1710இல் ஸ்காட்லாந்தின் சால்டன் ஊர் நிலக்கிழார் ஆண்ட்ரூ ஃபிளெட்சர், ஜேம்ஸ் மீக்கிள் என்ற ஆலைத் தச்சரை ஹாலந்துக்கு அனுப்பினார். பார்லி தீட்டும் ஆலையைப் பார்த்துப் படித்து வரத்தான் அனுப்பியது. அவர் தூற்றும் விசிறியையும் சேர்த்துக் கொண்டுவந்தார். பாதிரிமார்களில் சிலருக்கு இது பொறுக்கவில்லை. காற்று கடவுள் அனுப்புவது, மனிதன் கையால் கிளப்புவது பிசாசின் காற்று என்று பிரசங்கமே செய்தார்கள். தூற்றக் காற்று வராதா என்று முறத்தோடு அந்தி வரை களத்தில் காத்திருந்த பெரியவர்களைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். அந்தப் பாதிரிமார்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த ஜேம்ஸின் மகன்தான் ஆண்ட்ரூ மீக்கிள். கதிரடிக்கும் இயந்திரம் என்று கேட்டீர்களே, அதற்குச் சொல்ல வேண்டிய பெயர் இது. எடின்பரோவுக்குக் கிழக்கே ஈஸ்ட் லின்டன் பக்கம் ஹூஸ்டன் மில் என்ற ஆலையில் இருந்தார். அவருக்கு முன்பும் சிலர் முயன்றார்கள். அங்கே கதிரடிக்கும் கருவி, ஒரு நீளக் கழியின் முனையில் குட்டைக் கழி ஒன்றைத் தோல்வாரால் தொங்கவிட்ட அடிகோல். 1730களில் மைக்கேல் மென்சீஸ் என்பவர் இந்த அடிகோல்களை வரிசையாகக் கட்டி நீர்ச்சக்கரத்தால் ஓட்டிப் பார்த்தார். கோல்கள் உடைந்துகொண்டே இருந்தன. கை செய்ததையே இயந்திரத்தையும் செய்யச் சொன்னால் இப்படித்தான் ஆகும். மீக்கிள் அந்த வீச்சையே விட்டுவிட்டார். உருளை ஒன்றின் மேல் கட்டைகளைப் பதித்து வேகமாகச் சுழலவிட்டு, இரண்டு உருட்டுகளுக்கு நடுவே கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் ஊட்டினார். ஆளிச்செடியின் தண்டை அடித்து நார் எடுக்கும் ஆலைகளில் இதைப் போன்ற சுழலும் அடிகட்டைகள் ஏற்கெனவே இருந்தன. யோசனை அங்கிருந்து வந்திருக்கலாம். இயந்திரம் வேலை செய்யத் தொடங்கியது 1786 வாக்கில், காப்புரிமை 1788இல். இன்றைக்கும் எந்த அறுவடை வண்டியின் வயிற்றைத் திறந்தாலும் அந்த உருளையின் வாரிசு உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்.

மீக்கிளுக்குக் காசு சேரவில்லை. ஆளாளுக்குப் பார்த்துச் செய்துகொண்டார்கள். வயதான காலத்தில் அவர் தடுமாறுவதைப் பார்த்து 1809இல் சர் ஜான் சின்க்ளேர் முன்நின்று 1,500 பவுண்டு திரட்டிக் கொடுத்தார். 1811இல் 92 வயதில் மீக்கிள் இறந்தார்.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அறுப்பு இயந்திரத்தைவிட அடிப்பு இயந்திரத்தின் மேல்தான் கூலிக்காரர்களின் கோபம் அதிகம் விழுந்தது. ஏன்? அறுப்பு சில வாரத்து அவசரம். அந்த நேரத்தில் ஆள் கிடைப்பதே கஷ்டம், கூலியும் கொஞ்சம் கூடும். அடிப்பு அப்படியில்லை. இங்கிலாந்தில் கதிரைக் கொட்டகையில் போட்டு வைத்து நவம்பரிலிருந்து குளிர்காலம் முழுக்க அடிப்பார்கள். வயலில் வேறு வேலையே இல்லாத மாதங்களில் ஏழை வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த அடிகோல் கூலியால். இயந்திரம் பிடுங்கியது அதை. 1815இல் நெப்போலியன் போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பியதில் ஆட்கள் வேறு பெருகியிருந்தார்கள். 1830 ஆகஸ்ட் 28 இரவு, கென்ட் மாவட்டத்தில் கேன்டர்பரி அருகே லோயர் ஹார்ட்ரஸ் என்ற ஊரில் கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றை உடைத்தார்கள். அங்கே பிடித்தது தெற்கு, கிழக்கு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பண்ணைக்காரர்களுக்கு ‘கேப்டன் ஸ்விங்’ என்ற கையெழுத்தோடு மிரட்டல் கடிதங்கள் வந்தன. அப்படி ஓர் ஆளே கிடையாது. கடைசியில் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். சுமார் 480 பேரை ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு நாடு கடத்தினார்கள். இத்தனைக்கும் அந்தக் கலகத்தில் அவர்கள் யாரையும் கொல்லவில்லை. உடைந்த இயந்திரங்களைத் திரும்ப வாங்கி வைக்க ரொம்ப வருஷம் பல பண்ணைக்காரர்கள் தயங்கினார்கள். அந்த அளவுக்குக் கலகம் பலித்தது.

சரி, இப்போது அறுப்பு. உங்கள் கேள்வியின் சண்டை இங்கேதான்.

அரிவாளால் அறுப்பவரைக் கவனித்துப் பாருங்கள். எல்லோரும் வலது கையைத்தான் பார்ப்பார்கள், ஆனால் பாதி வேலை இடது கையில் இருக்கிறது. அது தாளைப் பிடிக்காவிட்டால் கத்தி பட்டதும் தாள் சாய்ந்து கொடுத்துவிடும், அறுபடாது. இயந்திரம் செய்ய வந்தவர்கள் எல்லோரும் தட்டுத் தடுமாறியது இந்த இடது கையைக் கண்டுபிடிக்கத்தான். அதற்கு வந்த விடைகள் இரண்டு: கத்திக்கு முன்னால் தாளைப் பிடித்துக்கொள்ளும் விரல்கள், மேலேயிருந்து தாளை வாரிக் கத்தியின் பக்கம் சாய்க்கும் ரீல்.

பேட்ரிக் பெல் 1799இல் ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பகுதியில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்தபோது, வேலி நறுக்கும் தோட்டக் கத்தரி ஒன்றைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது. அதே கத்தரியை வரிசையாக வைத்தால் என்ன? வயலில் கொண்டுபோய்ச் சோதித்தால் ஊர் சிரிக்கும் என்று, கொட்டகைக்குள் மண்ணைக் கொண்டுவந்து பரப்பி, ஓட்ஸ் தாள்களை ஒவ்வொன்றாகக் கையால் நட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அறுத்துப் பார்த்தார். 1828இல் தம்பி ஜார்ஜும் அவருமாக, ஊர் அடங்கிய பிறகு ராத்திரியில் குதிரையைக் கட்டிக் கோதுமை வயலில் ஓட்டினார்கள். அந்தச் செப்டம்பரில் பக்கத்து ஊர்க்காரர்கள் முன்னால் பகலிலேயே ஓட்டிக் காட்டினார்கள். கத்தரி வரிசை, மேலே சுழலும் ரீல், அறுத்த தாளைப் பக்கவாட்டில் அரியாகப் போடும் கித்தான் துணி எல்லாம் அதில் இருந்தன. குதிரை முன்னால் நடந்தால் பயிரை மிதித்துவிடும் என்று பின்னாலிருந்து தள்ளும்படி கட்டியிருந்தார். மணிக்குச் சுமார் ஒரு ஏக்கர் அறுத்தது.

பெல் காப்புரிமை வாங்கவில்லை. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று வேண்டுமென்றே விட்டார். நல்ல மனசுதான். ஆனால் ஊர்க் கொல்லர்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்து விற்க, அவை வயலில் மக்கர் பண்ண, கெட்ட பேர் பெல்லின் இயந்திரத்துக்கு வந்தது. அங்கே அறுப்புக் கூலியும் மலிவு, யாருக்கும் அவசரமில்லை. அவர் கார்மைலி என்ற ஊரில் பாதிரியாராகப் போய்விட்டார். 1867இல் ஸ்காட்லாந்தின் வேளாண் சங்கம் 1,000 பவுண்டு கொடுத்துக் கௌரவித்தது. இரண்டு வருஷத்தில் காலமானார். அவருடைய இயந்திரம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஓபெட் ஹஸ்ஸி, ஒரு கண் தெரியாதவர், இளமையில் திமிங்கல வேட்டைக் கப்பலில் போனவர். 1833 டிசம்பர் 31இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மெக்கார்மிக்குக்கு 1834 ஜூன் 21. ஆனால் மெக்கார்மிக் 1831லேயே வர்ஜீனியாவில், தன் 22ஆம் வயதில், பக்கத்து ஊர் ஓட்ஸ் வயலில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியிருந்தார். ஹஸ்ஸியின் இயந்திரம் பற்றிப் பத்திரிகையில் படித்ததும், எனதுதான் முந்தியது என்று அதே பத்திரிகைக்கு எழுதினார். அந்தச் சண்டை இரண்டு பேரும் சாகும்வரை ஓயவில்லை.

அந்த 1831 இயந்திரமும் மெக்கார்மிக்கின் தனி மூளையில் உதித்தது இல்லை. அவர் தந்தை ராபர்ட் அதோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர். பட்டறையில் கூடவே உழைத்தவர் ஜோ ஆண்டர்சன், அந்தக் குடும்பம் அடிமையாக வைத்திருந்த கறுப்பினத்தவர். அன்றைய சட்டப்படி அடிமையின் பெயர் காப்புரிமைக்குள் நுழைய வழியே இல்லை.

பாகம் பாகமாகப் பார்த்தால் கதை இன்னும் சுவாரஸ்யம். மெக்கார்மிக்கிடம் ரீல் இருந்தது, ஆனால் கத்தி சுமார். ஹஸ்ஸியிடம் ரீல் இல்லை. கத்தி மட்டும் அபாரம்: முக்கோண வெட்டுப் பற்கள், காப்பு விரல்களின் பிளவுக்குள் இங்குமங்கும் ஓடும். முடிதிருத்தும் கடையில் உள்ள மெஷினைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான். இன்று வண்டியின் முன்பக்கம் குனிந்து பார்த்தால் தெரிவது ஹஸ்ஸியின் கத்தி. அதற்கு மேலே சுற்றுவது போன்ற ரீலை முதலில் வயலில் ஓட்டிக் காட்டியவர்களில் பெல் ஒருவர். மெக்கார்மிக்கும் காலப்போக்கில் ஹஸ்ஸி பாணிக் கத்திக்கு வந்து சேர்ந்தார்.

அப்படியானால் மெக்கார்மிக் எதில் கெட்டிக்காரர்? விற்பதில். 1842இல் 7 இயந்திரம், 1843இல் 29, 1844இல் 50 என்று மெல்ல ஏறிய வியாபாரத்தைத் தூக்கிக்கொண்டு 1847இல் சிகாகோவுக்குப் போனார். அப்போது அது சேறும் சகதியுமான புது ஊர். ஆனால் வர்ஜீனியாவின் கல்லும் மேடுமான வயல்களில் இந்த இயந்திரத்துக்கு எதிர்காலம் இல்லை, கோதுமை மேற்கே சமவெளிக்கு நகர்கிறது என்பதைச் சரியாகக் கணித்தார். என் கணக்கில் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு இந்த இடமாற்றம்தான். அப்புறம் தவணை முறை, எழுத்தில் உத்தரவாதம், ஊருக்கு ஊர் ஏஜென்ட், தயாராக உதிரி பாகம். கையில் காசில்லாத குடியானவன் அறுவடை முடிந்து பணம் கட்டலாம் என்றால் வாங்காமல் இருப்பானா?

1851இல் லண்டன் படிகமாளிகைக் கண்காட்சிக்கு இயந்திரத்தைக் கொண்டுபோனார். சர்க்கஸ் ரதமும் தள்ளுவண்டியும் பறக்கும் இயந்திரமும் கலந்த ஏதோ என்று ‘டைம்ஸ்’ பத்திரிகை கிண்டல் செய்தது. ஜூலையில் எசெக்ஸில் மழையில் நனைந்த பச்சைக் கோதுமையில் போட்டி வைத்தார்கள். ஹஸ்ஸியின் இயந்திரம் அடைத்துக்கொண்டு நின்றது, அதை ஓட்டத் தெரிந்த ஹஸ்ஸி ஊரிலேயே இல்லை. மெக்கார்மிக்கினுடையது அறுத்தது. உயர்ந்த பதக்கம் அவருக்கு. செப்டம்பரில் வடக்கு இங்கிலாந்தில் நடந்த இன்னொரு போட்டியில் ஹஸ்ஸி ஜெயித்தார். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஹஸ்ஸியின் முடிவும் துயரமானது. 1860இல் ரயில் பயணத்தில், தாகம் என்று கேட்ட ஒரு குழந்தைக்குத் தண்ணீர் எடுக்க இறங்கி, நகரத் தொடங்கிய ரயிலில் ஏறப் போய் அடிபட்டு இறந்தார்.

வழக்குகளில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜான் மேனி என்ற போட்டி உற்பத்தியாளர்மேல் மெக்கார்மிக் 4 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். மேனி தரப்பு, இல்லினாய் உள்ளூர் வக்கீல் ஒருவரையும் அமர்த்தியது. 1855இல் விசாரணை சின்சினாட்டிக்கு மாறியதும் எட்வின் ஸ்டான்டன் என்ற பெரிய வக்கீல் வந்து, அந்த உள்ளூர் ஆளை வாயே திறக்கவிடாமல் ஓரங்கட்டினார். ஓரங்கட்டப்பட்டவர் ஆபிரகாம் லிங்கன். 1862இல் அதே ஸ்டான்டனைத்தான் லிங்கன் தன் போர் அமைச்சராக்கினார். வழக்கில் மெக்கார்மிக் தோற்றார்.

ஆகவே மகளுக்கு: வியாபார வெற்றி என்று கேட்டால் மெக்கார்மிக், அமெரிக்கக் காப்புரிமையில் முந்தியவர் என்று கேட்டால் ஹஸ்ஸி, வயலில் முதலில் ஒழுங்காக வேலை செய்தது எது என்று கேட்டால் பெல். ஒரே வரி விடை கேட்கும் தேர்வில் மெக்கார்மிக் என்றே எழுதட்டும், மதிப்பெண் போக வேண்டாம்.

கட்டு கட்டுவது 1870களில் வந்தது. முதலில் கம்பியால் கட்டினார்கள். கம்பித் துண்டு மாட்டின் வயிற்றுக்கும் மாவு ஆலைக்கும் போனதால் குடியானவர்கள் திட்டித் தீர்த்தார்கள். விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி, கயிற்றில் தானாக முடிச்சுப் போடும் அலகு போன்ற கருவியைச் செய்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

எல்லா வேலையையும் ஒரே வண்டியில் சேர்க்கும் யோசனை இதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது. 1836லேயே மிச்சிகனில் ஹைரம் மூர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பத்துப் பதினைந்து குதிரைக்கு மேல் கட்டி இழுக்கும் ராட்சதம் அது. ஆனால் மிச்சிகனின் ஈரத்தில் கதிர் சரியாக உதிராது. 1854இல் ஒரு வண்டியைக் கப்பலேற்றி, தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார்கள். அந்த வறண்ட வெயிலில் அது 600 ஏக்கர் அறுத்தது. இரண்டு வருஷம் கழித்து, எண்ணெய் போடாத பேரிங் சூடேறித் தீப்பிடித்து எரிந்துபோனது.

ஆஸ்திரேலியா தனி வழியில் போனது. 1843இல் அடிலெய்டில் கோதுமை விளைந்து கிடக்கிறது, அறுக்க ஆளில்லை. வெயிலில் முறுகிய கதிர் தொட்டாலே உதிரும். ஜான் ரிட்லி என்ற ஆலைக்காரர், தாளை அறுக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தார். முன்னால் சீப்புப் போன்ற பல்வரிசை, பின்னால் சுழலும் அடிகட்டை. கதிரை மட்டும் பறித்து அங்கேயே அடித்துப் பெட்டியில் போடும். தாள் வயலில் நிற்கும். சீப்பு என் யோசனை என்று ஜான் ராத்தால் புல் (Bull) என்பவர் கடைசிவரை வாதாடினார். பல ஆண்டு கழித்து 1882இல் தெற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவருக்கு 250 பவுண்டு கொடுத்தது. ரிட்லியும் பெல்லைப் போலக் காப்புரிமை வாங்கவில்லை. யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒளிக்கவில்லை: ஒரு வேளாண் கலைக்களஞ்சியத்தில் இருந்த ரோமானியக் காலத்துக் குறிப்பு என்றார்.

அந்தக் குறிப்பு உண்மை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்: ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸும் அதை ஒட்டிய பகுதிகளும்) நாட்டின் பெரிய பண்ணைகளில், விளிம்பில் பற்கள் வைத்த பெட்டியை இரண்டு சக்கரத்தில் ஏற்றி, பின்னாலிருந்து மாட்டைக் கொண்டு தள்ளிக் கதிரைப் பறிப்பார்கள். பிற்காலத்தில் பல்லாடியஸ் என்ற இன்னொரு ரோமானிய எழுத்தாளர் அதையே விவரமாக எழுதி, சமநிலமும் வைக்கோல் தேவையில்லாதவர்களும் உள்ள இடத்துக்கு இது ஏற்றது என்கிறார். 1958இல் பெல்ஜியத்தின் புசெனோல் என்ற இடத்தில் அந்த வண்டியைச் செதுக்கிய கல்லே கிடைத்தது.

ரிட்லியின் வண்டியோடு தூற்றலையும் சேர்த்து 1880களில் விக்டோரியாவில் ஜேம்ஸ் மாரோவும் ஹியூ விக்டர் மெக்கேயும் முழு இயந்திரமாக்கினார்கள். மெக்கேயின் ‘சன்ஷைன்’ தொழிற்சாலை இன்னொரு வகையிலும் பெயர் பெற்றது. அங்குள்ள கூலி நியாயமானதா என்ற வழக்கில் 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ், சாதாரணத் தொழிலாளிக்கு நாளைக்கு 7 ஷில்லிங் என்று தீர்ப்பளித்தார். மனைவி, மூன்று குழந்தைகளோடு ஒருவன் மானமாக வாழ என்ன வேண்டும் என்பதை அளவாக வைத்தார். ஆஸ்திரேலியாவின் அடிப்படைக் கூலிக்கு அதுதான் அஸ்திவாரம்.

அதன் பிறகு கதை இன்ஜினின் கதை. மாஸே-ஹாரிஸ் நிறுவனத்தில் டாம் கரோல் என்ற ஆஸ்திரேலியர் தானே ஓடும் வண்டியை 1930களின் கடைசியில் செய்தார். 1944இல் போர்க்கால இரும்புப் பஞ்சத்தில் 500 வண்டிகளுக்கு மட்டும் சிறப்பு அனுமதி வாங்கி, தெற்கே டெக்சஸிலிருந்து வடக்கே கனடா எல்லை வரை கதிர் முற்ற முற்றப் பின்தொடர்ந்து 10 லட்சம் ஏக்கருக்கு மேல் அறுத்தார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நெல்லைச் சொல்லாமல் விட மனசில்லை. மேலே சொன்னதெல்லாம் காய்ந்த நிலத்துக் கோதுமை. சேற்றில் அந்தக் கனமான வண்டி புதையும். ஜப்பானில் 1700ஐ ஒட்டி ‘செம்பா-கோகி’ என்று ஒரு கருவி வந்தது: பெரிய சீப்பு ஒன்றைச் சட்டத்தில் பொருத்தி, அதில் தாளைப் போட்டு இழுத்தால் மணி உதிரும். அதுவரை கதிர் உருவும் கூலியில் பிழைத்தவர்கள் பெரும்பாலும் கணவனை இழந்த பெண்கள். ஊரார் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘கைம்பெண்களைக் கவிழ்ப்பது’. கென்டில் நடந்ததற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியது இது. அங்கே கலகம் இல்லை, பெயரில் மட்டும் வலி மிஞ்சியது. 1960களின் பிற்பாதியில் ஜப்பானியர்கள் பெல்ட்டில் ஓடும் சிறிய வண்டியைக் கொண்டுவந்தார்கள். அதில் தாளைப் பிடித்துக்கொண்டு கதிரை மட்டும் உருளைக்குள் காட்டுவார்கள், வைக்கோல் முழுசாக வெளியே வரும். நம் டெல்டாவில் ஓடும் பெல்ட் வண்டிகளில் பெரும்பாலானவை முழுத் தாளையும் விழுங்குகிறவை. அதனால்தான் வைக்கோல் நொறுங்கிச் சிதறுகிறது, மாட்டுக்கு ஆகவில்லை என்ற புலம்பலும், பின்னாலேயே வைக்கோல் கட்டும் மெஷினுக்குத் தனி வாடகையும்.

சீப்பும் ஓயவில்லை. 1980களில் இங்கிலாந்தின் சில்சோ வேளாண் பொறியியல் நிலையத்தில் வில்ஃப்ரெட் கிளின்னர், பிளாஸ்டிக் பற்கள் வைத்த சுழலும் உருளையால் கதிரை மட்டும் பறித்துக்கொண்டு தாளை அப்படியே நிறுத்திவிட்டுப் போகும் முன்பகுதியைச் செய்தார். இன்று எந்த அறுவடை வண்டியிலும் கத்திக்குப் பதில் அதை மாட்டிக்கொள்ளலாம். மழை குறைந்த அமெரிக்க மேற்குச் சமவெளிகளில் அதை வாங்குகிறவர்கள் தானியத்துக்காக மட்டும் வாங்குவதில்லை. நிற்கும் தாள் பனியைப் பிடித்து வைத்து அடுத்த பயிருக்கு ஈரம் காக்கும் என்பதற்காகவும் வாங்குகிறார்கள்.